படைத்தளங்களுக்கு மேலே தெரிந்தவை: மறைத்தது பொருளையா, பார்த்த கருவியையா?

வான்நோக்கி

சில வாரங்களாக, அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்கள் பற்றி அமெரிக்க விமானப்படையும் சிஐஏவும் வெளியிட்ட பழைய கோப்புகளை வரிசையாகப் படித்து வருகிறேன். ஒரு எண்ணம் உறுதியாகிக்கொண்டே போகிறது. இங்கே வைக்கிறேன், தவறென்றால் சொல்லுங்கள்.

ராணுவத் தளங்களுக்கு அருகே பார்க்கப்பட்டவற்றைப் பற்றி அரசு பொய் சொன்னது உண்மை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பொய்க்கு அடியில் இருந்தது பெரும்பாலும் அவர்களுடைய சொந்த ரகசியம்தான்.

நியூ மெக்சிகோவின் ரோஸ்வெல் ராணுவ விமானத் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1947 ஜூலை 8 அன்று அந்தத் தளமே "பறக்கும் தட்டு" கிடைத்ததாக அறிக்கை விட்டது. சில மணி நேரத்தில் வானிலை பலூன் என்று மாற்றிச் சொன்னார்கள். 1994இல்தான் விமானப்படை மொகல் திட்டத்தைக் காரணமாகச் சொன்னது. சோவியத் அணுகுண்டுச் சோதனையின் ஒலியை மேல் வளிமண்டலத்தில் கேட்பதற்காக ஒலிவாங்கிகளைக் கட்டிப் பறக்கவிட்ட பலூன் வரிசைகள் அவை. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அன்று அணுகுண்டு வீசும் பயிற்சி பெற்ற ஒரே படைப்பிரிவு ரோஸ்வெல்லில்தான் இருந்தது. அவர்களுக்கே மொகல் பற்றிச் சொல்லப்படவில்லை. அதாவது முதல் அறிக்கையை எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை, தங்களுக்குத் தெரிந்ததை எழுதினார்கள்.

அடுத்தது யூ-2 வேவு விமானம். 1955 ஆகஸ்டில் நெவாடாவின் குரூம் ஏரியில் முதன்முதலாகப் பறந்தது. அன்றைய பயணிகள் விமானங்கள் 10,000 முதல் 20,000 அடி வரை பறந்துகொண்டிருந்தபோது இது 60,000 அடிக்கு மேலே போனது. கீழே பறக்கும் விமானிக்குச் சூரியன் மறைந்த பிறகும் மேலே இருக்கும் வெள்ளி நிற இறக்கையில் வெயில் பட்டுத் தீப்பிடித்தது போலத் தெரியும். பார்த்தவர்கள் விமானப்படைக்கு எழுதினார்கள். இப்படிப்பட்ட புகார்களை ஆராய்ந்த விமானப்படையின் புளூ புக் திட்டத்தின் விசாரணையாளர்கள் சிஐஏ ஆட்களிடம் கேட்டு, பறப்புக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் கிடைத்தாலும் கடிதம் எழுதியவரிடம் உண்மையைச் சொல்ல முடியாது. வேறு ஏதாவது காரணம் எழுதி அனுப்பினார்கள். 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் வந்த புகார்களில் பாதிக்கும் மேல் இப்படிப்பட்ட வேவு விமானங்களால் வந்தவை என்று சிஐஏவின் வரலாற்றாளர் 1997இல் எழுதினார். பாதி என்பது மிகையாக இருக்கலாம், அது பற்றி விவாதம் உண்டு. ஆனால் நடந்த முறை பற்றிச் சந்தேகம் இல்லை.

எனவே ஒரு காட்சியைப் படிக்கும்போது நான் முதலில் கேட்பது இதுதான்: அந்த இடத்துக்குப் பக்கத்தில் அன்று என்ன ரகசியம் இருந்தது?

இரவுப்பறவை

வான்நோக்கி, உழைத்து எழுதியிருக்கிறீர்கள். யூ-2 விஷயத்தில் உடன்படுகிறேன். ஆனால் இந்த விளக்கம் எல்லாப் பூட்டுக்கும் சாவி ஆகாது.

சொந்த விமானத்தைச் சோதிப்பவர்கள் சொந்த அணு ஏவுகணைகளுக்கு மேலே போய்ச் சோதிப்பார்களா? 1967 மார்ச் 16 அன்று மொன்டானாவின் மால்ம்ஸ்ட்ராம் தளத்தில் எக்கோ பிரிவின் பத்து மினிட்மேன் ஏவுகணைகளும் ஒரே நேரத்தில் செயலிழந்தன. 1975 அக்டோபர் கடைசியில் மெய்ன் மாநிலத்தின் லோரிங் தளத்தில், அணு ஆயுதக் கிடங்குக்கு மேலே அடுத்தடுத்த இரவுகளில் ஏதோ வந்து நின்றது. 1976 செப்டம்பர் 19 அதிகாலையில் டெஹ்ரானுக்கு மேலே ஈரான் விமானப்படையின் எஃப்-4 விமானங்கள் இரண்டு ஒரு ஒளியைத் துரத்தின. முதல் விமானத்தின் கருவிகளும் வானொலியும் நெருங்கியதும் வேலை செய்யவில்லை. இரண்டாவது விமானி ஏவுகணை விட முயன்றபோது ஆயுதக் கட்டுப்பாடு நின்றுபோனது. அமெரிக்கப் பாதுகாப்பு உளவு முகமையின் அறிக்கையிலேயே இது இருக்கிறது.

மூன்று இடம், மூன்று வகைக் கருவிகள். இவற்றுக்கும் "எங்கள் விமானம்தான்" என்ற பதிலா?

வான்நோக்கி

நியாயமான கேள்வி. மூன்றையும் ஒரே கூடையில் போடாமல் பார்க்கலாம்.

மால்ம்ஸ்ட்ராமில் பத்து ஏவுகணைகள் செயலிழந்தது ஆவணத்தில் இருக்கிறது, யாரும் மறுக்கவில்லை. வானத்தில் ஏதோ இருந்தது என்ற பகுதி, அங்கே பணியாற்றியவர்கள் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னது. அந்தப் படைப்பிரிவின் அன்றைய வரலாற்றுக் குறிப்போ, பறக்கும் பொருள் பற்றிய வதந்திகள் பொய் எனத் தெரியவந்ததாகச் சொல்கிறது. பழுதுக்குக் காரணம் கட்டுப்பாட்டுச் சுற்றுக்குள் புகுந்த ஒரு மின் துடிப்பு என்று பொறியாளர்கள் முடிவு செய்தார்கள். சாட்சிகள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கோப்பும் சாட்சியும் வேறு வேறு சொல்கின்றன என்பதைத்தான் சொல்கிறேன்.

லோரிங் கோப்புகளில் "அடையாளம் தெரியாத ஹெலிகாப்டர்" என்றே பல இடங்களில் வருகிறது. யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. அது எனக்கும் உறுத்துகிறது.

டெஹ்ரானுக்கு என்னிடம் பதில் இல்லை. வியாழன் கிரகத்தைப் பார்த்தார்கள், விமானத்தில் ஏற்கெனவே மின்கோளாறு இருந்தது என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டு விமானங்களிலும் ஒரே இரவில் அடுத்தடுத்து என்பதை அது திருப்தியாக விளக்கவில்லை.

பழைய ரேடார்

இந்தத் தளத்தில் பல ஆண்டுகளாகப் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. ரேடார் திரைக்கு முன்னால் பத்து ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன். எந்த நாடு, எந்தத் தளம் என்று கேட்க வேண்டாம்.

ரேடார் பார்த்தது என்றாலே உண்மை என்று பலர் எண்ணுகிறார்கள். திரையில் தெரிவது ரேடார் கேட்டதெல்லாம் இல்லை. கருவி பலவற்றை வடிகட்டித் தள்ளிய பிறகு மிஞ்சியதுதான் அது. பறவைக் கூட்டம், மழை, மெதுவாக நகர்பவை எல்லாவற்றையும் தள்ளாவிட்டால் திரையில் எதையும் பார்க்க முடியாது. 2023 பிப்ரவரி 4 அன்று சீன பலூனைச் சுட்டு வீழ்த்திய பிறகு அமெரிக்காவும் கனடாவும் அந்த வடிகட்டியைத் தளர்த்தின. உடனே 10, 11, 12 தேதிகளில் அலாஸ்கா, யூகான், ஹ்யூரான் ஏரி என்று மூன்று பொருள்கள் அடுத்தடுத்துச் சிக்கின. வானத்தில் திடீரென்று கூட்டம் கூடிவிடவில்லை, அதுவரை பார்க்காமல் விட்டதைப் பார்க்கத் தொடங்கினார்கள். மூன்றும் தனியார் அல்லது ஆய்வு பலூன்களாக இருக்கலாம் என்று அதிபர் சொன்னார். சில நாளில் தேடுதலையும் நிறுத்திவிட்டார்கள்.

இன்னொன்று வெப்பத் தலைகீழ் அடுக்கு. மேலே சூடான காற்று, கீழே குளிர்ந்த காற்று என்று அடுக்கு அமைந்தால் ரேடார் கற்றை வளைந்து தரையைத் தொடும். சாலையில் போகிற லாரி வானத்தில் பறப்பது போலத் தெரியும். 1952 ஜூலையில் வாஷிங்டன் வானில் இரண்டு வார இறுதிகளில் தெரிந்த புள்ளிகளுக்கு விமானப்படை ஜூலை 29 செய்தியாளர் கூட்டத்தில் கொடுத்த விளக்கமும் அதுதான். ஆனால் அன்று திரையைப் பார்த்த கட்டுப்பாட்டாளர்கள் அதை ஏற்கவில்லை. தரை எதிரொலி எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார்கள். எனக்கு அவர்கள் வலி புரிகிறது. தினமும் பார்க்கிறவனுக்கு அந்த மங்கலான கறைக்கும் திடமான புள்ளிக்கும் வேறுபாடு தெரியும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு இரவு, அப்படித் திடமான ஒரு புள்ளி. முறைப்படி பதிவேட்டில் எழுதினேன். மறுநாள் பணிக்கு வந்தபோது அந்தப் பக்கம் பதிவேட்டில் இல்லை. மேலதிகாரி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நேற்றுச் சரியாகத் தூங்கினாயா?" அதற்குப் பிறகு பணியில் இருந்தவரை எதையும் எழுதவில்லை. அந்தப் புள்ளி பெரிய மர்மம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவேளை எங்கள் விமானமே இருக்கலாம். ஆனால் எழுதாமல் விட்டவற்றில் எது எதிரியுடையது என்று யாருக்குத் தெரியும்?

செம்பருத்தி

ஐயா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. அமெரிக்கக் கடற்படை 2019இல் புதிய புகார் விதிமுறைகளை வகுத்ததே உங்களைப் போன்றவர்கள் வாய் திறக்கட்டும் என்பதற்காகத்தான். ஏளனத்துக்குப் பயந்து விமானிகள் மௌனமாக இருந்தார்கள் என்று அமெரிக்க உளவு அமைப்புகளின் 2021 அறிக்கையும் ஒப்புக்கொண்டது.

அந்த ஏளனம் தானாக வரவில்லை என்பதை இங்கே யாரும் இன்னும் சொல்லவில்லை. 1953 ஜனவரியில் சிஐஏ கூட்டிய ராபர்ட்சன் குழு, பறக்கும் தட்டுகள் நேரடி ஆபத்து இல்லை, ஆனால் மக்கள் அனுப்பும் புகார்கள் தகவல் வழிகளை அடைத்துவிடும் என்று அஞ்சியது. மக்களின் ஆர்வத்தைக் குறைக்க ஊடகங்கள் வழியாக இவற்றின் மர்மத்தை உடைக்க வேண்டும், ஆர்வலர் குழுக்களைக் கண்காணிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. சொந்த மக்களைக் கண்காணிக்கச் சொன்ன அறிவியலாளர்கள்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறவில்லை.

அதைவிடக் கொடுமையான ஒன்று 1980களின் தொடக்கத்தில் நியூ மெக்சிகோவில் நடந்தது. கர்ட்லண்ட் விமானப்படைத் தளத்தை ஒட்டி வாழ்ந்த ஒரு தொழில்முனைவோர், அணு ஆயுதக் கிடங்கு இருந்த மலைப்பக்கம் விளக்குகளைப் படம் எடுத்தார், வானொலிச் சைகைகளைப் பதிவு செய்தார். நாட்டுக்கு ஆபத்து என்று நம்பித் தானாகவே தளத்துக்குப் போய்ச் சொன்னார். அவர் தற்செயலாகத் தொட்டது தளத்தின் சொந்த ரகசிய வேலைகளாக இருக்கலாம். "இதை விட்டுவிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விமானப்படையின் புலனாய்வுப் பிரிவு அவருடைய நம்பிக்கைக்கு எண்ணெய் ஊற்றியது, பொய்த் தகவல்களைக் கொடுத்து வளர்த்தது. அதில் பங்கெடுத்த அதிகாரியே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அந்த மனிதர் மனம் உடைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

வான்நோக்கி, "சொந்த ரகசியம்தான்" என்று நீங்கள் எழுதியபோது அது கொஞ்சம் லேசாக ஒலித்தது. ரகசியத்தைக் காக்க ஒரு மனிதரின் மனதைக் கலைத்தார்கள். அதையும் கணக்கில் எழுதுங்கள்.

வான்நோக்கி

ஏற்கிறேன். லேசாக எழுதியது என் தவறு.

கருவிக்காரன்

வீடியோக்கள் பக்கம் வருகிறேன். நான் கேமரா, ஒளியியல் துறையில் இருப்பவன்.

கடற்படையின் மூன்று வீடியோக்களைப் பென்டகன் 2020 ஏப்ரல் 27 அன்று முறைப்படி வெளியிட்டது. அவற்றில் "கோஃபாஸ்ட்" என்பது கடலை ஒட்டி மின்னல் வேகத்தில் போவது போலத் தெரியும். ஆனால் திரையிலேயே தூரமும் கோணமும் உயரமும் எண்களாக ஓடுகின்றன. அவற்றை வைத்துக் கணக்குப் போட்டால் பொருள் கடல்மட்டத்தில் இல்லை, சுமார் 13,000 அடி உயரத்தில் இருக்கிறது. வேகமாக ஓடுவது படம் எடுக்கும் விமானம், பின்னணியில் கடல் நழுவுகிறது. நாசாவின் ஆய்வுக்குழு 2023 செப்டம்பரில் கொடுத்த கணக்கின்படி அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 40 மைல். காற்றில் மிதக்கும் எதுவும் அந்த வேகத்தில் போகும். அதேபோல 2019இல் எடுத்த பச்சை முக்கோண வீடியோ. இரவுக்கண்ணாடி வழியாக எடுத்ததால் ட்ரோன் விளக்குகள் முக்கோணமாகத் தெரிந்தன என்று 2022 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் விசாரணையில் கடற்படை உளவு அதிகாரி விளக்கினார்.

நாம் ஏன் கோஃபாஸ்ட்டைக் கணக்குப் போட முடிந்தது? எண்கள் திரையில் இருந்ததால். மற்ற வீடியோக்களைக் கேட்டபோது 2022இல் கடற்படை மறுத்தது. வெளியிட்டால் எங்கள் திறனும் பலவீனமும் எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பது காரணம். படத்தில் இருப்பது வெறும் பலூனாகவே இருக்கட்டும். அந்தக் கேமரா எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தெளிவாகப் பார்க்கிறது என்பதுதான் ரகசியம். இழையின் தலைப்பில் வான்நோக்கி கேட்டதற்கு என் பதில்: பெரும்பாலும் மறைப்பது கண்ணை, கண்ட பொருளை இல்லை.

ஒரு விதிவிலக்கு எனக்கும் உண்டு. 2004 நவம்பர் 14, நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பல். இங்கே வீடியோ இரண்டாம் பட்சம். டேவிட் ஃப்ரேவர், அலெக்ஸ் டீட்ரிக் என்று இரண்டு விமானங்களின் விமானிகள் பட்டப்பகலில், தெளிந்த வானில் வெண்ணிற நீள்வட்டப் பொருள் ஒன்றைக் கண்ணால் பார்த்தார்கள். உடன் சென்ற பிரின்ஸ்டன் கப்பலின் ரேடார் அதற்கு முன்பே சில நாட்களாகப் புள்ளிகளைக் கண்டிருந்தது. அந்த ரேடார் பதிவு மட்டும் பொதுவெளியில் இல்லை. அது கிடைக்காதவரை நான் இதற்கு முடிவு சொல்ல மாட்டேன்.

இரவுப்பறவை

கண்ணை மறைக்கிறார்கள், சரி. கண் எதையும் அடையாளம் காணவில்லை என்பதையும் மறைக்கிறார்களே, அதை எந்தக் கணக்கில் வைப்பது?

2023 டிசம்பரில் வர்ஜீனியாவின் லாங்லி விமானப்படைத் தளத்தின் மேல் 17 நாள் ட்ரோன்கள் வந்து போயின. எஃப்-22 போர் விமானங்கள் நிற்கிற தளம். பொதுமக்களுக்கு விவரமாகத் தெரிந்தது 2024 அக்டோபரில். அடுத்த மாதமே இங்கிலாந்தில் அமெரிக்கப் படைகள் இருக்கும் லேக்கன்ஹீத், மில்டன்ஹால், ஃபெல்ட்வெல், ஃபேர்ஃபோர்டு தளங்களுக்கு மேலே அதே கதை. அப்புறம் நியூ ஜெர்சி. பிக்கடினி ஆயுதக்கூடத்துக்குப் பக்கத்தில் தொடங்கி மாநிலமே அண்ணாந்து பார்த்தது. எஃப்பிஐக்கு 5,000க்கும் மேல் தகவல்கள் வந்தன, அவற்றில் சுமார் நூறுதான் மேற்கொண்டு விசாரிக்கத்தக்கவை. பெரும்பாலானவை சாதாரண விமானங்களும் நட்சத்திரங்களும் என்றார்கள். 2025 ஜனவரி 28 அன்று வெள்ளை மாளிகை, ஆராய்ச்சி உள்ளிட்ட காரணங்களுக்காக விமானப் போக்குவரத்து நிர்வாகமே அனுமதித்தவை அவை என்றது. அப்படியென்றால் டிசம்பர் முழுக்க ஆளுநரும் மேயர்களும் கேட்டபோது ஏன் அதைச் சொல்லவில்லை?

நியூ ஜெர்சியில் மக்கள் விமானங்களைப் பார்த்துப் பயந்தது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லாங்லியில் பார்த்தவர்கள் மக்கள் மட்டும் இல்லை, தளபதிகளும்தான். அவை யாருடையவை என்பதற்கு இன்றுவரை பொதுவெளியில் பதில் இல்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் வேற்றுலகம் என்று சொல்லி ஒதுக்கிவிடப் பழகியதால்தான் இன்று உண்மையான ட்ரோன் வரும்போதும் தடுமாறுகிறார்கள். பழைய ரேடார் ஐயா கடைசியாகக் கேட்ட கேள்வியும் இதுதான்.

புதுமுகம்7

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். முன்னாள் உளவு அதிகாரி க்ரஷ் சொன்னதைப் பற்றி யாரும் பேசவில்லையே? சத்தியப் பிரமாணம் செய்து சொன்னாரே?

வான்நோக்கி

வாருங்கள். டேவிட் க்ரஷ் 2023 ஜூலை 26 அன்று காங்கிரஸ் குழு முன் சொன்னது, விபத்துக்குள்ளான வாகனங்களை மீட்கும் திட்டம் பல பத்தாண்டுகளாக நடப்பதாகத் தமக்குப் பிறர் சொன்னார்கள் என்பது. தாமே பார்த்ததாகச் சொல்லவில்லை. இத்தகைய காட்சிகளை ஆராயும் பென்டகனின் ஆரோ அலுவலகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, அப்படி எதற்கும் ஆதாரம் இல்லை என்றது. "கோனா புளூ" என்ற பெயரில் ஒரு திட்டம் முன்மொழியப்பட்டு ஏற்கப்படாமல் போனதையும் அது வெளிப்படுத்தியது. உண்மையான ரகசியத் திட்டங்களைத் தவறாகப் புரிந்துகொண்டு ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி வளர்ந்த கதை என்பது அவர்கள் முடிவு.

என் கவனம் வேறு இடத்தில். அதே 2023இல் செனட்டர்கள் ஷூமரும் ரவுண்ட்ஸும் ஒரு சட்டத்திருத்தம் கொண்டுவந்தார்கள். கென்னடி கொலை ஆவணச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. சுதந்திரமான ஒரு மறுஆய்வுக் குழு எல்லாக் கோப்புகளையும் பார்த்து, எதை வெளியிடலாம் என்று முடிவு செய்யும். டிசம்பரில் சட்டம் நிறைவேறியபோது அந்தக் குழு நீக்கப்பட்டிருந்தது. கோப்புகளைத் தேசிய ஆவணக்காப்பகத்தில் சேர்க்கும் பகுதி மட்டும் மிஞ்சியது. எதைத் தரலாம் என்று தீர்மானிப்பது மறுபடியும் மறைத்தவர்களே. மறைக்க ஒன்றும் இல்லை என்று சொல்கிறவர்களுக்கு அந்தக் குழு மேல் ஏன் அவ்வளவு தயக்கம் என்ற கேள்விக்கு எனக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை.

மெய்தேடி

வேறு நாடுகளையும் பாருங்கள். பிரான்சில் 1977 முதல் விண்வெளி முகமைக்குள்ளேயே இதற்கென்று ஒரு சிறு பிரிவு இருக்கிறது, இன்று கெய்பான் என்ற பெயரில். 2007இல் கோப்புகளை இணையத்தில் திறந்துவிட்டார்கள். சாட்சியின் பெயரை மறைத்து, விசாரணையை முழுவதும் போடுகிறார்கள். முன்பு விளக்கம் இல்லாதவை என்று வைத்திருந்த பழைய கோப்புகளை மறுபடி திறந்து, விளக்கம் கிடைத்தால் வகையை மாற்றுகிறார்கள். அங்கே யாருடைய பாதுகாப்பும் கெட்டுப்போகவில்லை.

பிரிட்டனின் ரெண்டில்ஷாம் காட்டையும் சொல்ல வேண்டும். 1980 டிசம்பரில் அமெரிக்கப் படைகள் இருந்த வுட்பிரிட்ஜ் தளத்தின் வேலியை ஒட்டி விளக்குகள் தெரிந்தன. துணைத் தளபதி சார்லஸ் ஹால்ட் இரண்டு வாரம் கழித்து எழுதிய குறிப்பில் தேதிகளே தவறு. அதைப் படித்த பாதுகாப்பு அமைச்சகம் பாதுகாப்பு முக்கியத்துவம் இல்லை என்று மூடிவைத்தது. குறிப்பு 1983இல் அமெரிக்கத் தகவல் சட்டத்தின் மூலம் வெளியே வந்தபோது காட்டில் தடயங்கள் மிஞ்சியிருக்கவில்லை. கலங்கரை விளக்கத்தின் ஒளியா, எரிகல்லா, வேறா என்று இன்றும் சண்டை. முதல் வாரத்தில் ஒருவர் முறையாக விசாரித்திருந்தால் நாற்பது ஆண்டுச் சண்டை நடந்திருக்காது.

செம்பருத்தி

பழைய ரேடார் ஐயாவிடம் ஒரு கேள்வி. உங்கள் கையில் அதிகாரம் இருந்தால் எதை வெளியிடுவீர்கள்? கருவியின் திறன் ரகசியம் என்கிறார் கருவிக்காரன். அதை மீறாமல் ஏதாவது கொடுக்க முடியுமா?

பழைய ரேடார்

முடியும் அம்மா. கருவியின் முழுத் துல்லியம் தேவையில்லை. நேரம், திசை, தோராயமான உயரம், வேகம், எத்தனை நிமிடம் தெரிந்தது, வேறு கருவி பார்த்ததா. இந்த ஆறையும் வட்டமான எண்களில் சில ஆண்டுகள் கழித்துக் கொடுத்தால் போதும். அதை வைத்து எந்த எதிரியும் என் ரேடாரை அளக்க முடியாது. ஆனால் அந்த நேரத்தில் காற்று எந்தப் பக்கம் வீசியது, எந்தச் செயற்கைக்கோள் கடந்தது என்று வெளியில் இருப்பவர்கள் பார்த்துவிடலாம்.

கருவிக்காரன்

அப்படியானால் உங்களுடையதிலிருந்தே தொடங்கலாமா ஐயா? பதிவேட்டுப் பக்கம் போய்விட்டது. நினைவில் இருப்பது?

பழைய ரேடார்

நேரம் நள்ளிரவு கழிந்து இரண்டே கால், அது மறக்காது, தேநீருக்குப் போனவர் திரும்பிய நேரம். வடமேற்கிலிருந்து வந்தது. மணிக்குச் சுமார் 60 மைல் வேகம். உயரம் எங்கள் ரேடார் காட்டாது. பதினோரு நிமிடம் தெரிந்தது, அதில் ஒருமுறை ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது போல இருந்தது. அதன்பின் கிழக்கே திரும்பி மறைந்தது. பக்கத்து ரேடாரைக் கேட்டேன், அவர்களுக்கு எதுவும் இல்லை.

கருவிக்காரன்

60 மைல், திசை மாறியது. உயரத்தில் காற்று திரும்பினால் பலூனும் அப்படித் திரும்பும். நிற்பது போலத் தெரிந்தது உங்களை நோக்கி வந்த நேரமா, பக்கவாட்டில் போன நேரமா? அதைப் பொறுத்து நிறைய மாறும். மாதமும் ஆண்டும் எந்தப் பகுதி என்பதும் தெரிந்தால், பழைய வானிலை பலூன் அளவீடுகளில் அன்று மேலே காற்று எப்படி இருந்தது என்று தேடிப் பார்க்கிறேன். இங்கே போட வேண்டாம், தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

பழைய ரேடார்

பக்கவாட்டில் போனபோது. அதனால்தான் எழுதினேன். இன்றிரவு அனுப்புகிறேன்.